தேறிய புழுக்கள்

பூச்சிகளுக்கும் காய்ச்சல் வரும் என்று சொன்னால் படித்தவர்களே சிரிக்கிறார்கள். நேற்று நீங்களும் சிரித்தீர்கள். தப்பில்லை. வெட்டுக்கிளிக்குப் பூஞ்சை பிடிக்கும், தேனீக்கு வயிறு கெடும், பூச்சிக்குத் தூரத்து உறவான இறாலுக்கும் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி போடும். பட்டுப்புழுவுக்கு வருகிற நோய்களை எழுத ஒரு நோட்டுப் புத்தகம் போதாது. அவை லீவுக் கடிதம் கொடுப்பதில்லை, அதனால் நமக்குத் தெரிவதில்லை.

விசாரணை அதிகாரி என்ற முறையில் நீங்கள் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: ஸ்டோர் ரூமில் கிடைத்த அந்த நீல அட்டை நோட்டு யாருடையது? என்னுடையது. அங்கேயே சொல்லியிருப்பேன். டைரக்டர் பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் புரை ஏறிவிடக் கூடாதே என்று பேசாமல் இருந்துவிட்டேன். எழுத்தில் தருவதுதான் எனக்கும் வசதி. பேச்சில் நான் கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிடுவேன் என்று வீட்டில் எனக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு.

என் வேலை என்ன என்று முதலில் விளக்கிவிடுகிறேன். அது தெரியாமல் படித்தால் பின்னால் வருவதெல்லாம் என்னவோ பெரிய குற்றம் போலத் தோன்றும்.

தக்காளியைத் துளைத்துத் தின்கிற பச்சைக் காய்ப்புழுவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதற்கு ஒரு வைரஸ் நோய் வரும். நோய் கண்ட புழு நாலு நாள் வழக்கம்போலத் தின்னும். ஐந்தாம் நாள் தின்னாது. ஆறாம் நாள் திடீரென்று ஞானம் வந்ததுபோலச் செடியின் உச்சிக்கு ஏறிப் பின்னங்கால்களால் பற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்கும். தொட்டால் தோல் கிழிந்து கரைத்த மாவு போல ஒழுகும். ஒவ்வொரு சொட்டிலும் கோடி வைரஸ். அது கீழே இருக்கிற இலைகளில் விழும். அந்த இலையைத் தின்றவன் அடுத்த வாரம் மேலே ஏறுவான்.

இந்த ஒழுகலைத்தான் எங்கள் ஆய்வுக்கூடத்தில் பாட்டிலில் அடைத்து விவசாயிகளுக்குக் கொடுக்கிறோம். மனுஷனுக்கு, மாட்டுக்கு, நாய்க்கு, தேனீக்கு, எதற்கும் ஒன்றும் செய்யாது. லேபிளிலேயே போட்டிருக்கிறது.

ஒரே ஒரு சங்கடம். இந்த வைரஸ் பானையிலும் வளராது, பாட்டிலிலும் வளராது. உயிருள்ள புழுவுக்குள் மட்டும்தான் வளரும். ஆகவே புழுவைக் கொல்ல வேண்டுமானால் முதலில் புழுவை வளர்க்க வேண்டும். நிறையக் கொல்ல வேண்டுமானால் நிறைய வளர்க்க வேண்டும். அந்த நிறையை இருபத்தெட்டு வருஷமாக வளர்த்துக்கொண்டிருப்பவன் நான். அலுவலகத்தில் என்னைப் 'புழு சார்' என்பார்கள். முகத்துக்கு நேராகவே சொல்வார்கள்.

வளர்ப்பு அறையில் ஒவ்வொரு புழுவுக்கும் தனித்தனிச் சின்ன டப்பா. இரண்டை ஒன்றாகப் போட்டால் மறுநாள் காலை ஒன்றுதான் இருக்கும், அதுவும் கொஞ்சம் குண்டாக இருக்கும். கடலை மாவு, ஈஸ்ட், வைட்டமின் எல்லாம் சேர்த்துக் காய்ச்சி ஆறவைத்து வில்லை வில்லையாக வெட்டி வைப்பேன். என் மனைவி ஒருமுறை அறைக்கு வந்து பார்த்துவிட்டு, "எனக்கு ஒரு நாள் ஒரு டீயாவது போட்டுத் தந்திருக்கீங்களா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அவளை அப்புறம் அறைக்குள் விடவில்லை.

எட்டாம் நாள் தட்டுகள் என் கையை விட்டுப் பக்கத்து நோய் அறைக்குப் போகும். அங்கே உணவின் மேல் வைரஸைத் தடவிக் கொடுப்பார்கள். ஆறு நாளில் எல்லாம் முடிந்துவிடும். முடிந்தவற்றை அரைத்து வடிகட்டுகிறவருக்கு 'மிக்சி' என்று பெயர். நல்ல மனிதர். அரைக்கும்போது வாய்க்குள்ளேயே பாடுவார். நோய் அறைக்குப் போன செருப்போடு என் அறைக்கு வரக் கூடாது என்பது விதி. இருபத்தெட்டு வருஷத்தில் அந்த விதியை ஒரு நாளும் யாரும் மீறியதில்லை, நான் உட்பட. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

நூறு புழுவுக்கு வைரஸ் கொடுத்தால் தொண்ணூற்றொன்பது சாகும். ஒன்று சாகாது. ஏன் என்று அதற்கும் தெரியாது. பக்கத்து டப்பாக்களில் எல்லாம் கரைந்து கிடக்கும்போது அது பாட்டுக்கு வில்லையைத் தின்றுகொண்டிருக்கும். அந்த ஒன்றை ப்ளீச்சிங் தண்ணீர் வாளியில் போட்டுவிட வேண்டும். இதுவும் விதி.

இந்த இரண்டாவது விதி எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. நான் துறைத் தேர்வை ஆறு தடவை எழுதியவன். ஆறு தடவையும் ஒரே பேப்பரில் போனது. பதவி உயர்வு இல்லாமல் சேர்ந்த நாற்காலியிலேயே தலை நரைத்தவன். நூறு பேர் எழுதுகிற பரீட்சையில் ஒரே ஒருவன் தேறுகிறான், அவனைக் கூப்பிட்டுப் பாராட்டாமல் வாளியில் அமுக்குகிறார்கள் என்றால் மனசு கேட்குமா? ஒரு நாள் மிக்சி டீ குடிக்கப் போன நேரத்தில் வாளிக்குப் பக்கத்தில் இருந்த மூன்று புழுக்களை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். செருப்பை மாற்றிக்கொண்டு, குளித்துவிட்டு, பழைய போர்டுகள் போட்டுவைத்திருக்கும் ஸ்டோர் ரூமுக்குக் கொண்டுபோனேன்.

தேறியதைத் தேறியதோடு சேர்த்து வைத்தேன். அவற்றின் பிள்ளைகளுக்கும் அதே பரீட்சை வைத்தேன். சலுகை காட்டவில்லை. முதல் தலைமுறையில் நூற்றுக்கு ஒன்று தேறியது. ஐந்தாவதில் நாலு. இருபதாவதில் முப்பத்தெட்டு. நாற்பதாவதில் தொண்ணூற்றொன்று. மதிப்பெண் எல்லாம் அந்த நோட்டில்தான் இருக்கிறது. கையெழுத்து சுமார். எண்கள் சுத்தம். நாலரை வருஷ உழைப்பு. அதற்காக அலுவலக நேரத்தில் ஒரு நிமிஷம்கூட எடுத்துக்கொண்டதில்லை, எல்லாம் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் செய்ததுதான்.

அதே காலத்தில் எங்கள் பாட்டில் வெளியே பெரிய பெயர் வாங்கியது. அதற்கு முக்கியக் காரணம் என் தங்கை வீட்டுக்காரர். ஊர் எல்லையில் மூன்று ஏக்கரில் தக்காளி போட்டிருந்தார். அவர் எங்கள் முன்மாதிரி விவசாயி. அவர் வயல் முகப்பில் எங்கள் போர்டு நிற்கும்: 'இந்த வயலில் விஷ மருந்து அடிப்பதில்லை.' பார்க்க வருகிறவர்களிடம் பாட்டிலைக் கையில் வைத்துக் குலுக்கிக் காட்டி, "எங்க மச்சான் கையால வளத்த புழுவுங்க இது. இந்த மருந்து பொய் சொல்லாது" என்பார். என் முகம் சிவந்துவிடும்.

அவர் வயலில் புழு போயிற்று. பக்கத்து வயலில் போயிற்று. சுற்று வட்டாரத்தில் தேடினாலும் ஒரு காய்ப்புழு கிடைக்கவில்லை. டைரக்டர் தலைமை அலுவலகத்துக்கு நீளமாக ஓர் அறிக்கை அனுப்பினார். அவருக்கு ரிப்பன் வெட்டுவதில் ஆசை அதிகம் என்பதால் எங்களுக்குள் அவர் பெயர் 'ரிப்பன்'. பெரிய விழா ஒன்று வரும் என்று காத்துக்கொண்டிருந்தார். வந்தது ஒரு கடிதம்.

என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். 'மேற்படி பூச்சி தற்போது எங்கும் காணப்படாததால், மேற்படி பிரிவு இனித் தேவைப்படாது. ஆண்டு இறுதிக்குள் வளர்ப்பு அறையிலுள்ள உயிரினங்களை முறைப்படி அழித்துவிட்டுச் சாவியை ஒப்படைக்கவும்.'

"பாத்தீங்களா புழு சார், ஒழுங்கா வேலை செஞ்சதுக்குக் கிடைச்ச பரிசை."

"பூச்சியே இல்லைன்னு நாமதானே சார் எழுதினோம்?"

"எழுதுவோம் சார். வருஷா வருஷம் எழுதுறதுதான். இந்தத் தடவை நிஜமாவே இல்லாம போயிடும்னு யார் கண்டா?"

"எங்களை எல்லாம் என்ன பண்ணுவாங்க?"

"உங்களுக்கு எலிப் பிரிவு."

"எலி வளர்க்கணுமா சார்?"

"பிடிக்கணும்."

டைரக்டர் கடிதத்தை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். "ஒரே ஒரு வயல்ல ஒரு நாலு புழு தென்பட்டாப் போதும் சார். அபாயம் இன்னும் நீங்கலைன்னு ஒரு பதில் போட்டுடுவேன். அஞ்சு வருஷம் அசைக்க முடியாது."

"தென்படும் சார்," என்றேன்.

"உங்க நம்பிக்கை எனக்குப் பிடிச்சிருக்கு," என்றார் அவர். இதைத் தவிர அவருக்கு வேறெதுவும் தெரியாது. அவரை விட்டுவிடுங்கள்.

எலிக்குப் பயந்து செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு ஓய்வுக்கு மூன்று வருஷம்தான் இருந்தது. எலியோடு எப்படியோ ஓட்டியிருப்பேன். 'முறைப்படி அழித்துவிட்டு' என்ற அந்த வார்த்தைதான் தாங்கவில்லை. நாற்பத்தோரு தலைமுறை. ஒரே நாளில், ஒரே வாளியில்.

என்னிடம் அப்போது இரண்டு வகை இருந்தன: வளர்ப்பு அறையில் சாதாரணப் புழு, ஸ்டோர் ரூமில் தேறிய புழு. சாதாரணத்தை விட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் யோசித்தேன். சாதாரணத்தை விட்டால் ஒரு சாயங்காலம் மருந்தடிப்பார்கள், ஒரு வாரத்தில் எல்லாம் உச்சியில் தொங்கும், மறுபடி அதே கடிதம் வரும். பிரிவு நிலைக்க வேண்டுமானால் பூச்சியும் நிலைக்க வேண்டும். இதில் என்ன தவறு என்று எனக்கு இன்றுவரை யாரும் காட்டவில்லை.

எந்த வயலில் விடுவது என்பதிலும் நிறைய யோசித்தேன். முன்பின் தெரியாதவர் வயலில், அவரைக் கேட்காமல் பூச்சியை விடுவது அத்துமீறல். அப்படிப்பட்ட காரியத்தை நான் செய்யமாட்டேன். தங்கை வயல் என்றால் நம் வயல் மாதிரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் போனேன். டிபன் பாக்ஸில் பஞ்சு விரித்து நாற்பது கூட்டுப்புழுக்கள். வாலருகில் இருக்கிற கோட்டைப் பார்த்தால் ஆண் பெண் தெரிந்துவிடும். இருபது, இருபது என்று பிரித்து எடுத்துப் போயிருந்தேன். கல்யாணம் பேசப் போகிறவன் கணக்காகத்தான் போனேன். வரப்போரமாகக் குனிந்து இரண்டு விரல் ஆழத்தில் ஒவ்வொன்றாகப் புதைத்துக்கொண்டு வந்தேன். மாப்பிள்ளை மோட்டார் கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன மச்சான், குனிஞ்சு குனிஞ்சு என்ன தேடுறீங்க?"

"மண்ணைப் பாக்குறேன் மாப்பிள்ளை."

"எப்படியிருக்கு?"

"உங்க மண்ணுக்கு என்ன? எதைப் போட்டாலும் வெளியே வந்துடும்."

அவர் சந்தோஷமாகச் சிரித்தார். நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது.

பொய் சொன்னது பிறகுதான். சாப்பிட்டு முடித்ததும் தங்கை என் டிபன் பாக்ஸைக் கழுவ எடுத்தாள். "அண்ணா, இதுல என்னமோ காஞ்ச தோல் மாதிரி ஒட்டியிருக்கே?" என்றாள். புழு கூட்டுப்புழுவாகும்போது கழற்றிப் போடுகிற சட்டை அது. "மாத்திரை உறை," என்று சொல்லிவிட்டேன். "உனக்கு என்ன உடம்பு? என்கிட்ட சொல்லவே இல்லையே," என்று அவள் பதறிப்போய், கிளம்புகிறவரை என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். வாழ்நாளில் அவளிடம் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அது இன்னும் எனக்கு உறுத்துகிறது. விசாரணையில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முப்பத்தைந்தாம் நாள் மாப்பிள்ளை அலுவலகத்துக்கு வந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு தக்காளியை எடுத்து என் மேஜையில் வைத்தார். துளை வழியாக ஒரு தலை வெளியே வந்து என்னைப் பார்த்தது. நாற்பத்தோராம் தலைமுறையின் பிள்ளை. பார்த்தவுடன் தெரிந்தது. அந்தக் கொழுகொழுப்பு வேறு யாருக்கும் வராது.

"மச்சான், அடிச்சுப் பத்து நாள் ஆச்சு. ஒண்ணுகூட மேலே ஏறலை."

"வெயில்ல அடிச்சிருப்பீங்க. வெயில் பட்டா வைரஸ் செத்துடும்."

"பொழுது சாஞ்ச அப்புறம்தான் மச்சான் அடிச்சேன். நீங்க சொல்லிக் குடுத்த மாதிரி பாட்டிலைக் குலுக்கி, வெல்லம் கலந்து, இலைக்கு அடியிலயும் படுற மாதிரி."

"அப்ப அளவைக் கூட்டுங்க."

"ரெண்டு மடங்கு அடிச்சாச்சு."

"மூணு மடங்கு அடிங்க."

"சரி," என்றார். அவ்வளவுதான். எதிர்த்து ஒரு கேள்வி இல்லை. என் பேச்சில் அவருக்கு அப்படி ஒரு நம்பிக்கை. அப்படிப்பட்ட மனிதர்கள் இப்போது அபூர்வம். போகும்போது அந்தத் தக்காளியை எடுத்துக்கொள்ள மறந்துவிட்டார். நல்லதாயிற்று.

டைரக்டர் அதைப் பார்த்துவிட்டு அன்றைக்கே பதில் போட்டார். பதினைந்து நாளில் பழைய உத்தரவு ரத்தாகி, புது உத்தரவு வந்தது: உற்பத்தியை மூன்று மடங்காக்கவும். இரண்டாவதாக ஒரு பெரிய அரவை இயந்திரமும் வந்தது. அதற்கு டைரக்டர் ரிப்பன் வெட்டினார். மிக்சி கண்கலங்கிவிட்டார். "ஒத்தை ஆளா அரைச்சே கை தேஞ்சு போச்சுங்க. இப்பத்தான் இந்த ஆபீசுக்கு ஒரு வெளிச்சம் வந்திருக்கு," என்றார். எங்கள் பிரிவில் இருக்கிற பதினான்கு பேர் வீட்டில் அன்று அடுப்பு நிம்மதியாக எரிந்தது. நான் செய்ததை எடைபோடும்போது இதையும் தட்டில் வையுங்கள்.

புழு அந்துப்பூச்சியாகிப் பறக்க ஆரம்பித்தால் வேலி பார்க்காது. பக்கத்து வயல்களுக்கும் போயிற்று. மற்றவர்கள் இரண்டு தடவை எங்கள் பாட்டிலை அடித்துப் பார்த்துவிட்டு, பழையபடி கடையில் விற்கிற விஷ மருந்துக்குப் போய்விட்டார்கள். மாப்பிள்ளை மட்டும் போகவில்லை. வரப்பில் நின்று அவரைச் சீண்டுவார்களாம்.

"உங்க மச்சான் மருந்துல புழு குளிக்குதுய்யா. ஒரு துண்டு குடு, துவட்டிக்கட்டும்."

"சோப்பும் சேர்த்துக் குடுக்கச் சொல்லு, அந்த ஆபீஸ்லயே கிடைக்கும்."

இவர் வாய் திறக்க மாட்டாராம். அடிப்பார், பத்து நாள் காத்திருப்பார், மறுபடி அடிப்பார். முதல் பறிப்பில் பாதி சொத்தை. இரண்டாம் பறிப்பில் பறிக்கவே ஒன்றும் இல்லை. தங்கை போனில் பேசினாள்.

"அண்ணா, கடை மருந்து ஒரு தடவை அடிச்சுட்டா என்னன்னு கேட்டா மனுஷன் மூஞ்சியைத் திருப்பிக்கிறாரு. போர்டு நிக்கிற வயல்ல வேற மருந்து அடிச்சா மச்சானுக்கு அசிங்கம்கிறாரு. நீ ஒரு வார்த்தை சொல்லேன்."

சொல்லியிருக்கலாம். ஆனால் மாதிரி வயலிலேயே எங்கள் மருந்தைக் கைவிட்டார்கள் என்று தெரிந்தால் தலைமை அலுவலகம் என்ன நினைக்கும்? "இன்னும் ஒரே ஒரு தடவை பார்க்கச் சொல்லும்மா," என்றேன். "சரிண்ணா," என்றாள். அந்தக் குடும்பத்தில் எல்லோரும் ஒரே மாதிரிதான் 'சரி' சொல்வார்கள்.

மாப்பிள்ளை என்ன செய்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. மோட்டார் கொட்டகைப் பரணில் பல வருஷத்துக்கு முந்தைய விஷ மருந்து டின் ஒன்று கிடந்திருக்கிறது. அதை இறக்கி, எல்லோரும் சாப்பாட்டுக்குப் போயிருக்கிற உச்சி வெயில் நேரமாகப் பார்த்து, செடிக்கு மேலே தலை தெரியாதபடி குனிந்தே அடித்திருக்கிறார். முகத்தில் துணி கட்டினால் தூரத்திலிருந்து பார்க்கிறவன் என்ன மருந்து என்று கண்டுபிடித்துவிடுவான் என்று துணியும் கட்டவில்லை. எதிர்க்காற்று வேறு. பாதி வயல் தாண்டியிருக்கிறார். பாத்திக்கு நடுவே விழுந்து கிடந்தவரைத் தங்கைதான் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்களைக் கூப்பிட்டு, என்ன மருந்து அடித்தார் என்று கேட்டார். எங்கள் லேபிள் ஒன்றை நான் எப்போதும் பர்ஸில் வைத்திருப்பேன். எடுத்து நீட்டினேன். அவர் முழுக்கப் படித்துவிட்டு, "இது இல்லை. இது மனுஷனை ஒண்ணும் செய்யாது," என்றார். அந்த நிமிஷம் எனக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்லி முடியாது. எங்கள் மேல் ஒரு பழியும் வரவில்லை.

மூன்றாம் நாள் மாப்பிள்ளை போய்விட்டார். இடையில் ஒருமுறை நினைவு வந்தது. என்னைப் பார்த்துக் கையை அசைத்தார். காதைக் கிட்டே கொண்டுபோனேன்.

"மச்சான், தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க மருந்து மேல குறை இல்லை. எனக்குத்தான் பொறுமை இல்லாம போச்சு."

நான் பெரிய மனசு பண்ணி, "அதனாலென்ன மாப்பிள்ளை," என்றேன்.

இதுவரை நடந்ததை நான் எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. எழுத வைத்தவர் நீங்கள் அல்ல, அந்த நிபுணர்தான். அடுத்த பருவத்தில் சுற்றியுள்ள இருநூறு வயல்களில் எங்கள் வைரஸ் வேலை செய்யவில்லை என்றானதும் அவரை வரவழைத்தார்கள். வயலில் புழு பிடித்துக்கொண்டு போய்ச் சோதித்துவிட்டு, எங்கள் கூட்ட அறையில் ஒன்றரை மணி நேரம் பேசினார். வைரஸை இந்த அளவுக்குத் தாங்கும் புழுவை உலகில் யாரும் இதுவரை பார்த்ததில்லையாம். "இயற்கை தானாகவே செய்துகொண்ட அற்புதம்" என்றார். கட்டுரையும் எழுதிவிட்டாராம். புழு வகைக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார். அவருடைய பெயர்.

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், மரியாதைக்கு. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. இயற்கையாம். இயற்கை எந்த மதிய இடைவேளையில் பட்டினி கிடந்தது? இயற்கை எந்த ஸ்டோர் ரூமில் பழைய போர்டுகளுக்கு நடுவே முட்டை எண்ணியது? இருபத்தேழாம் தலைமுறைக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது ஒவ்வொரு டப்பாவாகத் துடைத்து வைத்தது யார்? இயற்கையிடம் விட்டிருந்தால் நூற்றுக்கு ஒன்று என்பது இரண்டாக ஆவதற்கே என் ஆயுசு போதாது. அதனால்தான் பழைய போர்டுகளுக்கு அடியில் இருந்த நோட்டை, ஸ்டோர் ரூமில் உங்கள் ஆட்கள் கண்ணில் படுகிற இடத்தில் எடுத்து வைத்தேன். உங்கள் அறிக்கையில் மற்றதை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். பெயரை மட்டும் சரியாகப் போட்டுவிடுங்கள்.

சுருக்கமாகக் கேட்டால் இதுதான்: தாங்கும் புழுவை உண்டாக்கியது நான். அதைத் தெரிந்தே தங்கை வயலில் புதைத்தது நான். மருந்து கேட்காது என்று தெரிந்தே மூன்று மடங்கு அடிக்கச் சொன்னது நான். மாப்பிள்ளையின் கையில் அந்த டின்னை யாரும் கொடுக்கவில்லை, அது அவராக எடுத்தது. அதில் எனக்குச் சம்பந்தம் இருப்பதாகச் சொன்னால் கணக்குக்குச் சரியாக வராது.

தங்கையைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். டைரக்டரிடம் பேசி அவளுக்கு இங்கேயே தற்காலிகமாக ஒரு வேலை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். பழைய வைரஸ் பயன்படாது என்பதால் இப்போது புதிதாக வேறொரு வைரஸ் வந்திருக்கிறது. அதற்கும் புழு வேண்டும், வளர்க்க ஆள் வேண்டும். என் பக்கத்து மேஜைதான் அவளுக்கு. நல்ல கை. ஒரு புழுவையும் நசுக்கமாட்டாள். முதல் மாதம் யாரோடும் பேசாமல் இருந்தாள். இப்போது புழுக்களோடு கொஞ்சம் பேசுகிறாள். போன வாரம் புது வைரஸ் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நோய் அறை வாசலில் நின்று கூப்பிட்டாள்.

"அண்ணா, எல்லாம் போயிடுச்சு. இது ஒண்ணு மட்டும் கிடந்து தின்னுட்டிருக்கு. பாவமா இருக்கு. என்ன பண்ண?"

"என்கிட்ட குடும்மா," என்றேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தக் கடிதத்தின் நகலைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புங்கள், நிபுணருக்கு அவசியம் அனுப்புங்கள், டைரக்டருக்கு அவர் சாப்பிடாத நேரமாகப் பார்த்துக் கொடுங்கள். தங்கைக்கு மட்டும் தெரிய வேண்டாம். தெரிந்தால் அவள் மனசு கஷ்டப்படும். யார் மனசையும் கஷ்டப்படுத்துவது என் சுபாவத்திலேயே கிடையாது.